அப்பாவின் பாட்டில்

அப்பாவின் பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சொட்டுச் சிறுநீர். சோதனைப் பட்டையில் விட்டு மின்சாரம் கொடுத்ததும் செம்மஞ்சள் வெளிச்சம் வந்தது. ஆய்வுக்கூடத்து விளக்கை அணைக்காமலே தெரிந்தது.

மகள் வருஷக்கணக்காகப் பாடுபட்டு உருவாக்கிய உணரி அது. ஆக்சாலிக் அமிலம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு பிரகாசமாக ஒளிரும். கூட வேலை செய்பவர்கள், அவர்கள் வீட்டார் என்று பலருடையதையும் சோதித்தாயிற்று. யாருடையதும் இப்படி எரியவில்லை.

வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, உங்க சிறுநீர்ல ஆக்சாலிக் அமிலம் ரொம்ப அதிகம். அது கூடினா சிறுநீரகத்துல கல் வரும். டீயில அது நிறைய இருக்கு. இனிமே டீ கிடையாது."

"டீ இல்லாம நான் எப்படிம்மா பேப்பர் படிப்பேன்?"

"கண்ணாலதான்."

போட்ட டீ வீணாகக் கூடாதே என்று அம்மா அதையும் சேர்த்துக் குடித்தாள்.

அடுத்த பாட்டில் இன்னும் பளிச்சென்றது. அந்த அமிலம் இருக்கிறதென்று மகள் கீரையை நிறுத்தினாள். பாதாமை நிறுத்தினாள். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஊருக்காக பிரேக் போட்ட மனுஷன் இப்போது தன் வாய்க்கே போட்டுக்கொண்டார். அவர் தட்டில் ஒதுக்கியதெல்லாம் அம்மாவின் தட்டுக்குப் போயிற்று.

மூன்றாவது பாட்டில் தகதகவென்று எரிந்தது.

"ஒளிச்சு வெச்சுச் சாப்பிடறீங்களா?"

"சத்தியமா இல்லம்மா." பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார்.

பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஸ்கேனையும் பரிசோதனை முடிவையும் புரட்டிப் பார்த்தார்.

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. அமிலமும் அளவாத்தான் இருக்கு. ஆமா, மனுஷன் ஏன் இப்படி இளைச்சிட்டாரு?"

சிரிப்பதா அழுவதா என்று மகளுக்குத் தெரியவில்லை. அப்பா பிழைத்தார், உணரி செத்தது. அதன் பேச்சை நம்பி, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய மனுஷனை வாயைக் கட்டிப் போட்டிருக்கிறாள். ஒளிர்கிற கருவியைப் பார்த்தவள், வாடுகிற முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்கப்பா. என் கருவிதான் தப்பு. நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"கருவியை ஏன்டி திட்டறே? பெத்த பொண்ணுகிட்ட அதை எப்படிக் குடுக்கறதுன்னு அவருக்கு ஒரே கூச்சம். ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சோறுதானே திங்கறோம்னு, மூணு பாட்டிலையும் நான்தான் நிரப்பிக் குடுத்தேன்."