ஐந்தாவது மெழுகுத் தட்டு

“மந்தமாயிருக்கு” என்றார் நிபுணர்.

மருதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போதுதான் சத்தம் பிடிக்கும் மெஷினின் பித்தளைக் குழாய்க்குள்ளிருந்து மேளக்காரன் சென்றாயனின் மேளம் முழங்கி ஓய்ந்திருந்தது. தன் மேளம் தன் கையில் சும்மா இருக்க, குழாய்க்குள்ளிருந்து அதே அடி வந்ததைக் கேட்டுச் சென்றாயன் பின்வாங்கித் தன் வீட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டான். அவன் பெண்டாட்டி அம்சவேணி அடுப்பிலிருந்து இறக்கிய களிப்பானையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அப்படிப்பட்ட சத்தம் அது.

“ஏனுங்க, நல்லாத்தானுங்களே இருந்துச்சு” என்றான் மருதாசலம்.

நிபுணர் பதில் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. முந்தின நாளே மேலே வந்து ஏற்பாடு செய்த மருதாசலத்திடம், காலையில் சுமைக்காரர்களோடு மலைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அவர் உத்தரவு மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் பக்கத்து வளவு வீடுகளுக்கெல்லாம் கேட்கிற குரலில். பெரிய உத்தியோகக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று மருதாசலம் மரியாதையோடு நினைத்துக்கொண்டான். ஆளும் பார்க்க அப்படித்தான் இருந்தார். முழங்கால் வரைக்கும் கோட்டு, நெற்றி வரைக்கும் இழுத்துவிட்ட தலைப்பாகை, அதன்மேல் குளிருக்காகச் சுற்றிய கம்பளித் துண்டு. மூக்கும் மீசையும்தான் வெளியே தெரிந்தன.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய மறு வருஷம் நடந்த சங்கதி இது. சென்னப்பட்டணத்தில் கிராமபோன் பிளேட்டு விற்கிற ஒரு கம்பெனிக்கு, பேளுக்குறிச்சி மருதாசலம் துணிந்து ஒரு கடிதம் எழுதிப் போட்டிருந்தான். ‘கொல்லிமலை மேளம் போல் பூலோகத்தில் இல்லை. மெஷினை அனுப்பினால் நான் எல்லா ஏற்பாடும் செய்து தருகிறேன். அந்தப் பிளேட்டை இந்தச் சுற்று வட்டாரத்தில் விற்கும் ஏஜென்சியை எனக்குக் கொடுங்கள்.’

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நிபுணர் ஒருவர் ஐந்து மெழுகுத் தட்டுகளோடு வருவார். முதலாளிகள் பிளேட்டைக் கேட்டு, மேளம் நன்றாக விழுந்திருந்தால் ஏஜென்சி. விழாவிட்டால் இனிமேல் கடிதமே எழுத வேண்டாம்.

மருதாசலம் வீட்டோடு மாப்பிள்ளை. மூன்று வருஷமாக மாமனார் வெங்கிடுசாமியின் மஞ்சள் காட்டில்தான் அவன் பிழைப்பு. கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்ட வெங்கிடுசாமி, மூலையில் கிடந்த மண்வெட்டியைக் கண்ணால் காட்டினார்.

“போயிட்டு வாங்க மாப்ள. ஏஜெண்டாயிட்டா சேலத்துல கடை போடுங்க. இல்லாட்டி நேரா காட்டுக்கு வந்துருங்க. அது எங்கயும் போவாது, அங்கயேதான் இருக்கும்.”

மண்வெட்டியைச் சொல்கிறாரா, காட்டைச் சொல்கிறாரா என்று மருதாசலம் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் அவனுக்கு ஒன்றுதான்.

ஆகவே, ‘மந்தமாயிருக்கு’ என்ற ஒரு சொல் அவனை மறுபடியும் மண்வெட்டியிடம் கொண்டுபோய் விட்டது. போதாததற்கு அந்த மெழுகின் குணம் வேறு விசித்திரமாக இருந்தது. சத்தத்தை மெழுகில் பிடித்தபின் அதை ஒரே ஒரு தடவை ஓட விட்டுக் கேட்கலாம். கேட்டால் அந்தத் தட்டு கெட்டது, அப்புறம் எதற்கும் ஆகாது. அதனால் நான்கு தட்டுகளில் பிடித்துப் பிடித்துக் கேட்டுப் பார்ப்பது, சத்தம் பக்குவத்துக்கு வந்ததும் ஐந்தாவதில் பிடித்து, கேட்காமலே மூடி முத்திரை வைத்துப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் அதிலிருந்து பிளேட்டு அடிப்பது என்று ஏற்பாடு.

இப்போது முதல் தட்டு கெட்டிருந்தது.

“தோலைக் காய்ச்சு” என்று கத்தினார் நிபுணர். “நல்லா காய்ச்சு. ஈரத்துல ஊறிக் கிடக்கு.”

“காலையிலயே காச்சிட்டனுங்களே” என்றான் சென்றாயன். அறப்பளீசுவரர் கோயில் நோன்புத் திருவிழாவுக்கு அடிக்கிற மேளம் அது. தோல் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, வார் பிடித்து அவனே கட்டியது. அதைப் பார்த்து ஈரம் என்று ஒருத்தர் சொல்லி இன்றுதான் கேட்கிறான்.

“அவரு பட்டணத்துல பன்னண்டு வருசம் சத்தம் புடிச்சவருங்க” என்றான் மருதாசலம். “சொன்னபடி செஞ்சுருங்க சாமி.”

சோளத்தட்டைப் போட்டுத் தீ மூட்டி, மேளத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். தோல் விறைத்துக்கொண்டது. விரலால் சுண்டினாலே கணீர் என்றது. இரண்டாவது தட்டைச் சுழல விட்டு, சென்றாயன் அடித்தான். கூரையில் அடைந்திருந்த கோழிகள் கத்திக்கொண்டு வெளியே பறந்தன. தூளியில் தூங்கிய குழந்தை வீறிட்டது. அம்சவேணி அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள்.

நிபுணர் தட்டைத் திருப்பி ஓட விட்டு, குழாயின் வாயருகே தலையைச் சாய்த்துக் கேட்டார். குழாய் அலறியது. மருதாசலம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

“எங்கயோ அடுத்த ஊர்ல அடிக்கிற மாதிரி இருக்கு” என்றார் நிபுணர்.

மருதாசலம் காதிலிருந்து கையை எடுத்தான். இதை அடுத்த ஊர் என்கிறாரே, இவர் சொல்கிற பக்கம் என்பது எவ்வளவு பக்கம்? ஒருவேளை நாம் கேட்கிற சத்தம் வேறு, தேர்ந்த காது கேட்கிற சத்தம் வேறு போலிருக்கிறது என்று அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

“மேளத்தைக் குழாய்கிட்டக் கொண்டா. இன்னும் கிட்ட. வாய்க்குள்ள வை.”

விட்டத்தில் கயிறு கட்டி மேளத்தைத் தொங்கவிட்டு, குழாயின் வாய்க்குள் பாதி மேளம் போகிற மாதிரி நிறுத்தினார்கள். சென்றாயனுக்குக் கை வீச இடம் இல்லை. சுவரோடு ஒட்டி, ஒருக்களித்து நின்று, முழங்கையை மடக்கி ஓர் அடி அடித்தான்.

ஊசி துள்ளி எழுந்தது. மெழுகின் குறுக்கே ஓர் உழவுச் சால் ஓட்டிவிட்டு அந்தப்பக்கம் போய் விழுந்தது. மூன்றாவது தட்டு கேட்கப்படாமலே செத்தது.

“அடப் பாவமே” என்றாள் வாசலில் நின்ற அம்சவேணி. “ஏனுங்க, இந்த ஐயாவுக்கு என்னதான் வேணுமாம்? நோம்பியில அடிச்சா மலைக்கு அந்தப் பக்கம் சேலூர் நாடு வரைக்கும் கேக்குமுங்க இந்த மேளம். இவுருக்கு ஒரு மொழத்துல பத்தலியா?”

“காதுங்கறதும் ஒரு படிப்புத்தானுங்க” என்றான் மருதாசலம். “நமக்கு அந்தப் படிப்பு இல்ல.”

நிபுணர் மேளத்தைப் பழைய இடத்துக்கே தள்ளி வைக்கச் சொன்னார். அப்புறம் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். உரல் பக்கத்தில் சாத்தியிருந்த உலக்கை கண்ணில் பட்டது.

“குச்சி போதாது. அதை எடு.”

சென்றாயன் மருதாசலத்தைப் பார்த்தான். “வேண்டாமுங்க. காஞ்ச தோலு.”

மருதாசலத்துக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் வெங்கிடுசாமியின் முகமும் அந்த மண்வெட்டியும் கண்முன் வந்து நின்றன. “ஒரே ஒரு அடி, மெதுவாப் போட்டுப் பாருங்க. கழுத்துல கயிறு மாட்டினாப்பல நிக்கறனுங்க நான். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றான்.

சென்றாயன் உலக்கையை மெதுவாகத்தான் போட்டான். இரண்டு தடவை காய்ச்சல் வாங்கிய தோல், துணி கிழிவது போல நீளமாகக் கிழிந்தது.

சென்றாயன் கீழே உட்கார்ந்து, கிழிந்த தோலின் இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். பிடித்தால் சேராது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் பிடித்துக்கொண்டிருந்தான். மருதாசலத்துக்கு அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அடுத்த சந்தையில் நல்ல தோலாக வாங்கி நானே தூக்கி வருகிறேன் என்று முணுமுணுத்தான்.

“வேற மேளம்?” என்று கத்தினார் நிபுணர்.

“இல்லீங்க. மத்ததெல்லாம் திருப்புலி நாட்டுக்கு நோம்பிக்குப் போயிருச்சுங்க. வர நாலு நாளாவும்.”

நிபுணர் காத்திருக்கவில்லை. மெழுகுத் தட்டுகள் வந்த தகரப் பெட்டியைக் காலி செய்து கவிழ்த்தார். உலக்கையைச் சென்றாயன் கையிலிருந்து பிடுங்கி, பெட்டியின்மேல் ஓங்கி ஒன்று வைத்தார்.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது? பாத்திரக்கடைக்குள் எருமை புகுந்தால் வருகிற சத்தம். மருதாசலத்தின் பற்கள் கூசின. நிபுணரின் முகமோ அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது.

“இது கேக்குது” என்றார்.

நான்காவது தட்டில் தகரப் பெட்டி ஏறியது. சென்றாயன் அடிக்க மறுத்துவிட்டான். மருதாசலமே உலக்கையை வாங்கிக்கொண்டு, ஏஜென்சியை நினைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடித்தான். தட்டைத் திருப்பி ஓட விட்டதும் குழாய் வீட்டையே கிடுகிடுக்க வைத்தது. அம்சவேணி குழந்தையோடு தோட்டத்தையும் தாண்டிப் போய்விட்டாள். நிபுணர் மட்டும் கண்மூடித் தலையை ஆட்டி ரசித்தார். விரலால் தொடையில் தாளம் வேறு போட்டார்.

“இதுதான்யா மேளம். இந்த நாதத்துக்குத்தான் இத்தனை பாடு.”

ஐந்தாவது தட்டிலும் மருதாசலமே அடித்தான். மூன்று நிமிஷம். தட்டு நின்றதும் நிபுணர் அதை வேறொரு சின்ன மரப்பெட்டியின் பஞ்சணையில் வைத்து, மூடி, அரக்கு ஒட்டி, முத்திரை பதித்தார். கோட்டுப் பையிலிருந்து காகிதம் எடுத்து நின்ற நிலையிலேயே எழுதி, உரக்கப் படித்தும் காட்டினார். ‘என் பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் இவ்வளவு தெளிவான மேளச் சத்தம் கேட்டதில்லை. பிளேட்டை எல்லா முதலாளிகளும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும். மருதாசலம் பெரும் உதவி செய்தார்.’

மருதாசலம் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

பலா மரத்தடியில் காலையிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த சுமைக்காரர்கள் நால்வரையும் எழுப்பினான். மெஷினும் குழாயும் நசுங்கிய பெட்டியும் தலைகளில் ஏறின. அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் இறக்கம். கால் தானாக நடக்க, மருதாசலம் வழி நெடுகத் தனக்குத்தானே வழக்காடிக்கொண்டு வந்தான்.

அது தகரப் பெட்டிதானே என்று மனசு கேட்டது. உனக்கு என்ன தெரியும் என்று அதை அதட்டினான். மெஷினுக்குள் போனால் தகரம் மேளமாகவும் மேளம் தகரமாகவும் ஆகும் போலிருக்கிறது. அதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை. மஞ்சள் காட்டில் கிடந்த காதுக்குப் பட்டணத்துச் சங்கீதம் எப்படிப் பிடிபடும்? முதல் தட்டில் கேட்ட அந்த முழக்கம், உடம்பெல்லாம் சிலிர்த்ததே, அது வெறும் நாட்டுப்புறத்துச் சிலிர்ப்பு. இப்படிச் சொல்லிச் சொல்லி, அடிவாரம் வந்தபோது அவன் முழுசாக நம்பிவிட்டான். சேலத்தில் கடைக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டான்.

காரவள்ளியில் வண்டி பூட்டித் தயாராக நின்றது. நிபுணர் ஏறி உட்கார்ந்து, முத்திரை வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மருதாசலம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். காகிதம் இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் பட்டணத்தில் முதலாளிகள் எல்லாரும் கூடி உட்கார்ந்து, இந்த மலையின் மேளத்தைக் கேட்கப் போகிறார்கள்.

அவன் வண்டியில் காலை வைத்தபோது, சுமைக்காரர்களுக்கு மூத்தவனான கருப்பண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தான்.

“ஏனுங்க, நான் கூப்புட்டா ஐயா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு, நீங்களே சொல்லுங்க. மலைதான் எறங்கியாச்சே, காலையில அட்டை பூந்துருமின்னு பயந்துக்கிட்டு ரண்டு காதுலயும் திணிச்சு வெச்சாரே பஞ்சு, அதை இனி எடுத்துரலாமுங்க.”