பாண் இல்லாத பாண்காரர்

வாழ்நாளில் ஒரு பாண்கூட விற்காமல் தீவுப்பகுதி முழுவதும் ‘பாண்காரர்’ என்று பெயர் எடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஊர்காவற்றுறையில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு வளவு தள்ளி இருக்கிறார்.

முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, மூடிப்போன ஒரு பேக்கரி தெருத்தெருவாகப் பாண் விற்ற பழைய வானை வாங்கினார். பாண் அடுக்கும் தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு மடக்குக் கதிரை வைத்தார். தீவு தீவாகத் தனியே போவது, பழைய கோட்டைகளையும் பறவைகளையும் பார்ப்பது, வானிலேயே படுப்பது. இதுதான் திட்டம்.

“முப்பது வருசம் பிள்ளையளின்ரை இரைச்சல். இனி ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கக்கூடாது,” என்றார் என்னிடம். “நீர் பத்திரிகைக்காரன். இதைப் பேப்பரிலை போட்டிடாதையும்.”

ஒரே ஒரு குறை இருந்தது. வான் ஓடும்போதெல்லாம், பாண் வந்துவிட்டது என்று தெருவுக்கு அறிவிக்கும் அந்தப் பாட்டும் ஓடும். மெக்கானிக் வானுக்குக் கீழே அரைநாள் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்தார்.

“பேக்கரிக்காரன் எல்லா வயரையும் ஒண்டாக் கட்டிப்போட்டான் அண்ணை. பாட்டைக் கழட்டினா வான் எழும்பாது.”

முதல் பயணம், பக்கத்திலேயே இடிந்து கிடக்கும் கோட்டைச் சுவருக்கு. கதிரையை விரித்து உட்கார்ந்து மூச்சை இழுப்பதற்குள் பையோடு ஏழு பேர் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் சைக்கிளில் வந்த ஓர் அக்கா.

“அண்ணை, ரெண்டு பாண்.”

“பாண் இல்லை.”

“அப்ப பணிஸ் இருக்கே?”

“பணிஸும் இல்லை.”

“முடிஞ்சுதோ?”

“தொடங்கவே இல்லை, பிள்ளை.”

அக்கா வானுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலைக் கண்டார். “படுத்தெழும்பிறதுக்கு என்னத்துக்கு அண்ணை பாட்டு?”

சாட்டிக் கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈர உடுப்போடு வரிசையில் நின்றார்கள். மண்டைதீவில் பூநாரைகளுக்காக இரண்டு மணி நேரம் அசையாமல் காத்திருந்தார். அவை வந்து இறங்கின. இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம் என்று வானை எழுப்பினார். பூநாரைகள் எல்லாம் பறந்துபோக, இரண்டு கிழவர்கள் வந்து மீன் வைத்த மாலுபாண் கேட்டார்கள்.

வெறுத்துப்போய், வானின் இரண்டு பக்கமும் ‘பாண் இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதினார். புங்குடுதீவில் ஒருவர் அதை நிதானமாக வாசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப எத்தினை மணிக்கு வரும்?”

மிச்சம் இருந்தது, காட்டுக் குதிரைகளும் பழைய கோட்டையும் உள்ள நெடுந்தீவு. படகில் வான் ஏறாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வானை விட்டுவிட்டு, மூன்று நாளுக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு காலைப் படகில் ஏறினார். படகு நெரிசல் பற்றிச் செய்தி எடுக்க நானும் அன்று அங்கே நின்றேன்.

“இண்டைக்குத்தான் உண்மையான பயணம்,” என்றார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் கண்டதில்லை.

பின்னேரப் படகிலேயே திரும்பி வந்துவிட்டார்.

“குதிரையள் நிண்டுதோ?” என்று கேட்டேன்.

“நிண்டுது.”

“கோட்டை?”

“கிடக்குது.”

“பிறகென்ன அண்ணை?”

மூன்று நாள் உடுப்பையும் அப்படியே வானுக்குள் போட்டார். “ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

வானை எழுப்பினார். பாட்டுத் தொடங்கியதும் இறங்குதுறையில் நின்ற ஒருவர் பையோடு ஓடி வந்தார். வழக்கமாக ஓட்டத்திலேயே “இல்லை” என்று கத்துகிறவர், அன்று வானை நிறுத்தி, இறங்கி நின்று, “இல்லை” என்றார். பிறகு அந்த மனிதருக்கு எந்த ஊர் என்று விசாரித்தார்.

அடுத்த கிழமை மெக்கானிக் வீடு தேடி வந்தார். “வயரைப் பிரிக்க வழி கண்டிட்டன் அண்ணை. பாட்டைக் கழட்டட்டே?”

“வேண்டாம் தம்பி. பிறகு வான் எழும்பாட்டி?”

அதில் பாண் இல்லை என்பது இப்போது தீவில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் அக்கா இன்னமும் பையோடுதான் வருகிறார். “இண்டைக்கும் இல்லையோ?” என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அரை மணி நேரம் நின்று கதைத்துவிட்டுப் போகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஒழுங்கை முனையில் அந்தப் பாட்டுக் கேட்டது. வீட்டில் இரண்டு பாண் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.