மூத்த பொண்ணுக்குப் புள்ளி வைத்த கதை

"ஏங்க, இன்னொரு இலையும் பழுத்துடுச்சு," என்றாள் மனைவி.

கணக்கர் ஓடிவந்து தொட்டியருகே குனிந்தார். மாமியார் மாமனாரோடு ஊருக்குப் போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போன தொட்டிச்செடி அது. அகலமான பச்சை இலை, அதில் வெள்ளைப் புள்ளிகள். மாமியார் அதை 'என் மூத்த பொண்ணு' என்றுதான் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து மருமகனை நம்பி ஒரு கண்ணாடி டம்ளர்கூடக் கொடுக்காத மனுஷி, மூத்த பொண்ணைக் கொடுத்திருந்தார். இதிலாவது நல்ல பேர் எடுத்துவிட வேண்டும் என்று மனுஷன் தவியாய்த் தவித்தார்.

அந்தத் தவிப்புதான் வினை. காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றியதில் வேர் அழுகியது. ஈரம் காயட்டுமே என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தார். இலைகள் கருகிச் சுருண்டன. கருகியதை மட்டும் வெட்டப் போனார். கத்தரி வழுக்கித் தண்டும் போய்ச் சேர்ந்தது.

"குச்சிதான் மிச்சம். அதையாவது விட்டு வையுங்க," என்றாள் மனைவி.

"உங்கம்மா எப்ப வர்றாங்க?"

"சாயந்திரம்."

செடிக்கடைக்கு ஓடினார். அதே ஜாதி, அதே உயரம் கிடைத்தது. புள்ளிதான் கம்மி.

"வளர வளர வந்துடும் சார்," என்றார் கடைக்காரர்.

"சாயந்திரத்துக்குள்ள வருமா?"

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆபீஸில் எந்தப் பிழைக்கும் கணக்கருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: வொயிட்னர். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து அதை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, இலை இலையாகப் புள்ளி வைத்தார்.

"அம்மா கண்டுபிடிச்சா, இவர் யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்," என்றாள் மனைவி.

மாமியார் வந்ததும் வராததுமாகச் செடியிடம்தான் போனார். பின்னாலேயே மாமனார் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமியார் குனிந்து ஓர் இலையைத் தடவினார். கணக்கர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பளபளன்னு இருக்காளே என் பொண்ணு! இத்தனை வருஷம் வளர்த்த எனக்கே இப்படி வரலை. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு மகளோடு சமையலறைக்குப் போனார்.

கணக்கருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெட்டிகளை இறக்கி வைத்த மாமனார் மெல்லச் செடியருகே வந்து, ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வொயிட்னரா மாப்பிள்ளை?" என்று குரலைத் தாழ்த்தினார். "இது தோணாம, ஒவ்வொரு தடவை புதுச் செடி மாத்தி வைக்கும்போதும் நான் டூத்பேஸ்ட்டை வச்சுல்ல திண்டாடிட்டு இருக்கேன்."