மாப்பிள்ளையின் துப்பாக்கிக்குக் கண்ணாடி தேடிய விவரம்

பிளானோ, டெக்ஸாஸ்
14.10.1997, செவ்வாய்

மதிப்பிற்குரிய சம்பந்தி வெள்ளியங்கிரி அவர்களுக்கு, சேனாபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், சாரதா, உங்கள் மகன் ரஞ்சித்குமார், மருமகள் சண்முகப்ரியா, பேத்தி ரோஷினி ஐந்து பேரும் சுகம். யாருக்கும் காயம் இல்லை. கடிதத்தில் இந்த இடத்தில் வழக்கமாக மழையைப் பற்றித்தான் விசாரிப்பேன். காயம் இல்லை என்று எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் சென்ற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு நான் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டதுதான். "பிரியா ஊருக்கு வர்றதுக்கு டிக்கெட் போட்டுட்டா, வீட்டுல துப்பாக்கி" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காலிங் கார்டு தீர்ந்துவிட்டது. வேறு எந்த இடத்தில் தீர்ந்திருந்தாலும் பாதகமில்லை. மறுநாள் வேறு கார்டு வாங்கிக் கூப்பிட்டபோது, உடுமலையில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க சம்பந்தி, ஒண்ணும் மறைக்காதீங்க" என்றீர்கள். முப்பத்து நான்கு வருடம் கோயம்புத்தூரில் நிருபராக இருந்தவனிடம் இப்படிக் கேட்டுவிட்டதால், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

துப்பாக்கி ஆகஸ்ட் 30-ஆம் தேதி, சனிக்கிழமை, மதியம் மூன்றேகால் மணிக்கு வீட்டுக்குள் வந்தது. கச்சேரிக்கு வயலின் கொண்டுபோவார்களே, அந்த மாதிரி நீளமான பெட்டி. ரோஷினிகூட "ஈஸ் இட் எ கிட்டார்?" என்று கேட்டாள். நான் கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்ட அதே பாயிண்ட் டூ டூ ரகம்தான். ஆனால் இது செமி ஆட்டோமேட்டிக். ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாளை இழுத்து விட வேண்டியதில்லை. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு இருப்பதால் வாங்கியதில் சட்டப்படி தவறு இல்லை. பிறகு கடைக்குப் போனபோது ரசீதையும் படிவத்தையும் நானே வாங்கிப் பார்த்தேன். குண்டு ஒன்றுகூட வீட்டில் வைக்கவில்லை. பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி பிரியாவிடம்.

எதற்காக வாங்கினார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மாமா, ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல அத்தனை பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து மான் வேட்டை, ரைஃபிள், ஸ்கோப்புன்னு பேசறாங்க. மூணு வருஷமா நான் மட்டும் மைக்ரோவேவ் பக்கத்துல தனியா உக்காந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றார். அக்டோபர் பதினொன்றாம் தேதி அவருடைய குழுவினர் எல்லோரும் சுடுகளத்துக்குப் போகிறார்களாம். மேலாளர் கேரி, இவரையும் வரச் சொல்லியிருக்கிறார். ஐம்பது கஜ தூரத்தில் பத்து இரும்புத் தட்டுகள். அடித்தால் கவிழும். அவ்வளவுதான் விஷயம்.

பிரியா ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டாள். "இந்தக் கருமம் இருக்கற வீட்டுல நானும் ரோஷினியும் இருக்க மாட்டோம்." நாங்கள் திரும்புகிற அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி விமானத்திலேயே தனக்கும் குழந்தைக்கும் டிக்கெட் போட்டாள். இது கோபத்தில் போட்ட டிக்கெட் இல்லை சம்பந்தி. பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டாள். கோயம்புத்தூரில் எந்தப் பள்ளியில் பாதி வருடத்தில் சேர்ப்பார்கள் என்று என்னிடமே விசாரித்தாள். ஒரு வாரம் வீட்டில் "சாப்பாடு ரெடி", "கார் சாவி எங்கே" தவிர வேறு பேச்சு இல்லை. கடைசியில் நான் நடுவில் உட்கார்ந்து ஒரு உடன்பாடு எழுதினேன். பதினொன்றாம் தேதி பத்துத் தட்டில் குறைந்தது ஐந்து விழுந்தால் துப்பாக்கி வீட்டில் இருக்கும், பிரியா எங்களோடு கிளம்புவாள். ஐந்துக்குக் குறைந்தால் அன்றைக்கே துப்பாக்கி கடைக்குத் திரும்பிவிடும், பிரியா இருப்பாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளை, ஐந்து விழுந்தாலும் பெண்டாட்டி மனம் இரங்கிவிடுவாள் என்று நினைத்துப் போட்டார். பிரியா, இவருக்கு ஐந்து விழாது என்று நினைத்துப் போட்டாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் மறைக்காமல் எழுத வேண்டும். துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறிமுள் மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முள், இரண்டையும் தட்டையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். "மாமா, மூணு பொருளை ஒரே நேரத்துல ஃபோகஸ் பண்ண மனுஷக் கண்ணால முடியாது, நான் படிச்சுட்டேன்" என்று, இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்த நூற்றுப் பத்துப் பக்கத்தை ஒரு கோப்பில் போட்டு என் மடியில் வைத்தார். ஒரு கோப்பைக் கண்டால் நான் திறக்காமல் இருப்பவனா? படித்தேன். சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் விசாரித்தாக வேண்டும். அடுத்த சனிக்கிழமை அவரோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் வேய்ன். அறுபது வயது, பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றி மாட்டுகிறவர். முதலில் பின்பக்கம் மோதிரம் போன்ற வளையம் வைத்த குறிமுள்ளை மாட்டினோம். மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதால் வளையத்துக்குள் இரண்டு முள் தெரிந்தது. திருப்பிக் கொடுத்தோம். இந்த ஊரில் அறுபது நாளைக்குள் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் யாருக்கும் எதிலும் திருப்தி வருவதில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது வாரம் ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி. அதில் பார்த்தால் தட்டு பிரமாதமாகத் தெரிகிறது, தட்டில் உள்ள துருகூடத் தெரிகிறது. ஆனால் மூச்சு விட்டால் தட்டு ஊஞ்சலாடுகிறது. அடுத்த தட்டு எங்கே என்று தேடினால் வானம்தான் வருகிறது. "ஐம்பது கஜத்துக்கு இது எதற்கு? நிலாவையா சுடப் போகிறீர்கள்?" என்றார் வேய்ன். பிறகு அதைப் பொருத்திய இரும்புப் பட்டை லேசாக ஆடுகிறதென்று பட்டையை மாற்றினோம். தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை அமெரிக்கக் கைக்குச் செய்தது, மாப்பிள்ளை தோளுக்கு நீளம் என்று குட்டைக் கட்டை போட்டோம். விசை கனமாக இருக்கிறதென்று உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றப் போனபோது, அதற்கு மட்டும் வேய்ன் சம்மதிக்கவில்லை. "முதலில் சுடக் கற்றுக்கொள்ளட்டும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளைக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பிரியா கரண்டியை வைத்தாள். "அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க யாரு பக்கம்?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டுமானால் மாப்பிள்ளை குறி தவற வேண்டும். நானோ மூன்று வாரமாக அவர் குறி தவறாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன். "விவரம் சரியா இருக்கணும்ல கண்ணு" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். சாரதா எனக்கு மறுசோறு மட்டும் கேட்காமல் பாத்திரத்தை எடுத்துவிட்டாள்.

கடைசியாக வாங்கியது சிவப்புப் புள்ளிக் குழாய். கையகல நீளத்தில் ஒரு குழாய், இரு பக்கமும் கண்ணாடி, உள்ளே சின்ன பேட்டரி. திருகைத் திருப்பினால் கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். புள்ளியைத் தட்டின் மேல் வைத்து அழுத்தினால் போதும். பெரிதாகவும் காட்டாது, சின்னதாகவும் காட்டாது. தூசி படாமல் இரு பக்கமும் மூடி. "வெயிலில் புள்ளி கொஞ்சம் மங்கும், பயப்பட வேண்டாம்" என்று வேய்ன் சொன்னார். அக்டோபர் நான்காம் தேதி ஒத்திகையில் பத்துக்கு ஏழு விழுந்தது. அன்றிரவு பிரியா ரோஷினியின் ஸ்வெட்டர்களைப் பெட்டியில் அடுக்கினாள். மறுநாள்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், மிக்ஸி, மாப்பிள்ளையின் கார், புல் வெட்டும் இயந்திரம், ரோஷினியின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தார் மாப்பிள்ளை. "இத்தனை வருஷம் டைப்ரைட்டருக்கும் ஸ்கூட்டருக்கும் ஆயுத பூஜை பண்ணினோம். இந்த வருஷந்தான் நெசமான ஆயுதம் வந்திருக்குது" என்று நான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. சாரதா கட்டைக்குச் சந்தனம் வைத்தாள். குழாயின் முன்மூடியைத் திறந்து கண்ணாடியின் நடுவில் மோதிர விரலால் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, மூடியைச் சாத்தினாள். எது எந்தப் பக்கம் என்று அவளுக்கு என்ன தெரியும்? தெரியாமல் செய்ததுதான். மற்ற யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்த்தும் அதன் விளைவு எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சுடுகளத்தில் நானும் காதடைப்பான் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். நல்ல வெயில். மாப்பிள்ளை மூடிகளைத் திறந்தார், பார்த்தார், மங்கலாகச் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. வேய்ன் சொன்ன மங்கல் இதுதான் என்று எண்ணி, திருகைத் தொடவே இல்லை. முதல் குண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது அப்படியே. நான்காவதில் ஒரு தட்டு விழுந்தது, அது அவர் குறிவைத்த தட்டு இல்லை. பத்து முடிந்தபோது விழுந்தது இரண்டு. களத்தை மேற்பார்வை பார்க்கும் ஆள் வந்து, துப்பாக்கியைக் காலி செய்து, குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். "சார், இது ஆன் ஆகவே இல்லை. கண்ணாடியில் என்னவோ சிவப்பாக ஒட்டியிருக்கிறது. கெட்ச்சப்பா?" மாப்பிள்ளை விரலால் தொட்டார், மோந்து பார்த்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு, வேறு வழியில்லாமல், ஒன்பது அமெரிக்கர்கள் சுற்றி நிற்க, ஆயுத பூஜை என்றால் என்ன, மாமியார் என்றால் யார் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அப்புறம் கேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் மகனும் சிரித்தார் சம்பந்தி. இந்த ஐந்து மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உடன்பாட்டின்படி அன்று மாலை நாலே முக்காலுக்குத் துப்பாக்கியும் குழாயும் பட்டையும் குட்டைக் கட்டையும் வேய்ன் கடைக்குத் திரும்பிவிட்டன. பிரியா டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். ஸ்வெட்டர்கள் அலமாரிக்குத் திரும்பின. நேற்று மதியச் சாப்பாட்டில் கேரியே மைக்ரோவேவ் பக்கம் வந்து, "அந்த மாமியார் கதையை இவர்களுக்கும் சொல்லு" என்று பெரிய மேசைக்கு அழைத்துப் போனாராம். தக்காளிச் சாதம் இன்று மூன்று பேருக்குக் கட்டினாள் பிரியா. ஆகவே நீங்கள் பதற வேண்டாம். யாரும் குற்றவாளி இல்லை, எல்லாம் தற்செயல்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். தென்னைக்கு மருந்து வைத்தாயிற்றா என்று எழுதவும். மருதமலை முருகன் எல்லோரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் அன்புள்ள
சேனாபதி

பி.கு.: அனுப்புவதற்கு முன் வழக்கம்போல் சாரதாவுக்குப் படித்துக் காட்டினேன். "தெரியாமல் செய்ததுதான்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "ஏனுங்க, முப்பது வருஷமா உங்க மூக்குக் கண்ணாடியத் தொடச்சுக் குடுக்கறேன். கண்ணாடியில எங்க அழுக்குப் பட்டா மனுசனுக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். நான் அந்தப் பக்கம் போன பிறகு மூடியை மறுபடி திறந்து, அந்தப் பொட்டைக் காயவைக்க ரோஷினியின் விசிறியால் விசிறியிருக்கிறாள். ஆகவே மேலே "தற்செயல்" என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். "எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா, வேய்னைப் போய் ஒரு தடவை விசாரிச்சுட்டு வந்திருப்பீங்க" என்கிறாள்.