குலுக்கலில் விழுந்த பரிசோதனை

பிரேக் மாஸ்டர் தன் தம்பி வீட்டு மணியை அழுத்தப் போய், மூன்றாவது தடவையாகக் கையை இழுத்துக்கொண்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயம் வந்தால் எங்கே இருந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும். இப்போதும் வாசற்படியை மிதித்துக்கொண்டிருந்தார்.

குடல் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய மரபணு அவருக்கு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்திருந்தது. "தம்பிக்கும் இருக்கலாம், உடனே சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அப்பா அதே நோயில் போனபோது, குடும்பத்துக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று 'மாரடைப்பு' எனக் கதை கட்டியவரே இவர்தான். வெளியூரில் படித்த தம்பியிடமும் அதே பொய்.

மணி அடிக்கும் முன்பே கதவைத் திறந்தது தம்பி.

"வாங்கண்ணே. ஏன் இப்படி வேர்க்குது?"

"வெயில்டா. உங்க ஆபீஸ் குலுக்கல்ல எனக்கு இலவச டெஸ்ட் விழுந்துச்சுன்னு கூட்டிட்டுப் போனியே? எங்க டிரைவிங் ஸ்கூல்லயும் குலுக்கல் வச்சோம். உனக்கு விழுந்திருக்கு!"

"நான் அங்க சேரவே இல்லையே?"

"சேராதவங்களுக்குத்தான் குலுக்கல்."

தம்பி அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "என்ன டெஸ்ட்?"

"வயிறு. கொஞ்சம்... கீழ."

"எனக்கு வேணாம்ணே. அண்ணிக்குக் குடுங்க."

"அவளுக்கு ஆகாது. ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான்."

"குலுக்கல்லயா?"

மாஸ்டர் டீப்பாயின் காலை ஓங்கி மிதித்தார். தம்பி மனைவி கொண்டுவந்து வைத்த காபி மொத்தமும் அவர் வேட்டியில் கொட்டியது. துடைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மாரடைப்பு இல்லடா. அப்பாவுக்குக் குடல்ல புற்றுநோய். நான்தான் மறைச்சேன். எனக்கும் அந்த மரபணு இருக்கு. உனக்கு ஏதாச்சும் ஆனா நான் உயிரோட இருக்க முடியாதுடா. தயவுசெஞ்சு போய்ப் பார்த்துடு."

தம்பியின் முகமும் அண்ணன் முகத்தைப் போலவே தொங்கிக் கிடந்தது. மாஸ்டருக்கு அழுகை முட்டியது.

தம்பி மனைவிதான் துணியை நீட்டினாள்.

"அழாதீங்க மாமா. இவருக்கும் அது இருக்கு. ரெண்டு வருஷமா குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்துட்டுத்தான் வர்றாரு. உங்ககிட்ட சொல்லத்தான் இவருக்கு வாய் வரல."

"அப்புறம் எனக்கு மட்டும் எப்படிச் சரியா அந்த டெஸ்ட் விழுந்துச்சு?"

"இவரு ஆபீஸ்ல குலுக்கலே நடக்கல மாமா."