கதவு எண் பூஜ்யத்துக்குத் தண்ணீர்

தண்ணீர் லாரி ஒருங்கிணைப்புப் பிரிவின் மென்பொருள் எழுதப்பட்டுள்ள கணினி மொழிக்குப் புதிய பதிப்பு வெளியாகியிருப்பதால், அதன் தானியங்கிப் பரிசோதனைகள் யாவும் மேற்படி பதிப்புக்கு உயர்த்தப்படும் என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்பட்டது. சகலரில் நாங்களும் உண்டு. கோச்சடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, அறிவிப்பு வந்துவிடும்.

தானியங்கிப் பரிசோதனை என்றால் என்ன எழவு என்று, தெரு நலச் சங்கச் செயலாளர் என்கிற முறையில், நான்தான் போய் விசாரித்தேன். பிரிவின் பொறியாளர் சூரியபிரகாஷ் தன்மையான பையன். லாரி அனுப்புகிற மென்பொருளில் யாராவது கை வைத்தால், உடனே இன்னொரு மென்பொருள் எழுந்து, பொதுமக்களில் ஒருவர்போல நடித்து, ஒரு லாரி கேட்குமாம். வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு.

"இத்தனை வருசமா என்ன காட்டுச்சு?"

"பச்சைதாண்ணே."

"லாரியே வரலையேப்பா?"

"பரிசோதனையைத் தப்பா எழுதி வச்சிருந்தாங்கண்ணே. பழைய பதிப்பு அதெல்லாம் கண்டுக்காது, பாஸ் போட்டுரும். புதுசு கறாரு. டிரைவர் எறங்கி, தண்ணியத் தெறந்துவிட்டு, 'விட்டாச்சு'ன்னு போன்ல அமுக்கினாத்தான் ஒத்துக்குது. மாத்துன அன்னைக்கே செவப்பாயிருச்சு."

அரசாங்கத்தில் உண்மை பேசுகிற ஒன்றாவது சேர்ந்திருக்கிறதே என்று எனக்கு மனசு குளிர்ந்தது. சந்தோஷப்படுவதில் எனக்கு எப்பவுமே அவசரம்.

துணை இயக்குநர் இன்பசேகரனுக்கு மனசு குளிரவில்லை. வெள்ளிக்கிழமை பதிப்பு உயர்வுப் பெருவிழா. பந்தல், பொன்னாடை, மைக் செட் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவர் சூரியபிரகாஷை என் முன்னாலேயே கூப்பிட்டார்.

"சரி பண்ண எம்புட்டு நாளாகும்?"

"ஒரு மாசம் சார். லாரி அனுப்புற மென்பொருளையே திருத்தணும்."

"பிளெக்ஸ் அடிச்சாச்சுய்யா. அதுல 'அனைத்தும் பச்சை'ன்னு போட்டிருக்கு. அதை எப்படித் திருத்துறது? நெசமாவே லாரி போனா பச்சையாகுமா?"

"ஆகும் சார்."

"அப்ப அனுப்பித் தொலை!"

பரிசோதனை முகவரி, கதவு எண் பூஜ்யம். எங்கள் தெருவுக்குப் பின்னால் கருவேலம் மண்டிய பொட்டல் அது. ஆளில்லாத இடமாக இருந்தால்தான் புகார் வராது என்று யாரோ ஒரு மேதை தேர்ந்தெடுத்தது. புதிய பதிப்புக்காக மென்பொருளில் எந்நேரமும் யாராவது கை வைத்தார்கள். வைக்க வைக்க லாரி. இருக்கிற லாரி அத்தனையும் எங்கள் தெரு வழியாகத் தளும்பத் தளும்பப் போய், முள்ளுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தது. வயிறு எரிந்தது ஐயா!

எதிர்வீட்டு ரூத் டீச்சருக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. வருகிற ஞாயிறு அவர் மகளுக்கு வீட்டில் நிச்சயதார்த்தம். பேரையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் நிறைய வருகிறார்கள். "கை கழுவத் தண்ணியில்லாத வீட்டுலயா பொண்ணு எடுக்குறதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா என்னண்ணே பண்ணுவேன்?" என்று அழுதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் லாரியை மறித்தார்.

"வழிய விடுங்க டீச்சர். இது பரிசோதனைத் தண்ணி, குடிக்கிற தண்ணி இல்ல" என்றார் டிரைவர் ராஜபாண்டி.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"குடிக்கிற தண்ணிக்கு லாரி இல்ல."

டீச்சரும் நானுமாக அலுவலகத்துக்குப் போனோம். இன்பசேகரன் உட்காரச் சொன்னார், டீ கூடச் சொன்னார்.

"உங்க தெருவுக்குத் தண்ணி வரலைன்னு எந்தப் பரிசோதனையும் சொல்லலையே?"

"நான் சொல்றேன்ல சார்?" என்றார் டீச்சர்.

"நீங்க தானியங்கி இல்லையேம்மா."

தண்ணீர் போகிற இடத்துக்கே நாமும் போய்விடுவது என்று முடிவெடுத்தோம். தெருவே வீடுகளைப் பூட்டிக்கொண்டு, குடம், அண்டா, பாய், தலையணையோடு பொட்டலில் குடியேறியது. லாரிகள் வந்தன, குடங்கள் நிறைந்தன. விழாவில் திரை பச்சையாக ஒளிர்ந்தது. மறுநாளே இன்பசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். பரிசோதனை வளாகத்தில் பொதுமக்களைக் கண்டதும் அவருக்கு முகமே செத்துவிட்டது.

"இது விதிமீறல். முகவரியில ஆள் நடமாட்டமே கூடாது. ஆளிருந்தா நாளைக்குப் புகார் வரும்!"

சொல்லிவிட்டு, வேறு ஆளில்லாத இடம் தேடிச் சுற்றினார். ரொம்ப தூரம் போகவில்லை. வரிசையாகப் பூட்டிக் கிடந்த எங்கள் தெரு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று மாலையே பரிசோதனை முகவரி எங்கள் தெருவுக்கு மாற்றப்பட்டது.

சூரியபிரகாஷ் போனில் குசுகுசுத்தார்: "அண்ணே, வீடுகளுக்குத் திரும்பிருங்க. ஆனா ஆளிருக்கிற மாதிரி மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா சார் வேற எடத்துக்கு மாத்திப்புடுவாரு."

அன்று ராத்திரியே திரும்பினோம். வாசலில் பூட்டு, கொல்லைப்புறமாகப் போக்குவரத்து. டிவி ஊமை. கோலம் கிடையாது. பிள்ளைகள் சைகையில் சண்டை போட்டன. ராஜபாண்டி நடைக்கு நடை வந்து, ஆளில்லாத தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் ஆயுசில் இவ்வளவு தண்ணீர் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தமும் அப்படியே நடந்தது. பந்தல் இல்லை, பாட்டு இல்லை. போதகர் ஜெபத்தை வாய்க்குள்ளேயே முடித்தார். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணி தின்றுவிட்டு, குழாயைத் திறந்து ஆசை தீரக் கை கழுவினார்கள். இம்புட்டு அடக்கமான குடும்பமா என்று மெச்சினார்கள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, பூட்டு தொங்குவதையும் பாராமல் யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அடுத்த தெரு பாக்கியம், இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றது. "டீச்சர், எங்க தெருவுக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாரும் ஆபீசுக்குப் போய்க் கேப்போம், நீங்களும் வாரீங்களா?"

உள்ளே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். செயலாளர் என்கிற முறையில், இடுக்கில் வாயை வைத்து நானே பதில் சொன்னேன்:

"சத்தம் போடாதம்மா. இந்தத் தெருவுல யாரும் இல்ல."