எட்டாம் வகுப்பு அரக்கி

மண்ணால் செய்த அரக்கியின் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

கடப்பாரையோடு வந்த கலியன் அதைப் பார்த்ததும் கடப்பாரையை வேப்பமரத்தில் சாய்த்தான். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். தலைமையாசிரியர் தணிகாசலம் அவனை முறைத்தார்.

"இன்னாப்பா நிக்கிற? இடிச்சுத் தள்ளு."

"பொட்டு வெச்சிருக்குதுங்களே ஐயா. நான் புள்ளகுட்டிக்காரன்."

தணிகாசலம் திரும்பித் தமிழ் டீச்சர் தேவகியைப் பார்த்தார். தேவகிக்கும் அந்தப் பொட்டு புதிது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபோது அரக்கி வெறும் நெற்றியோடுதான் இருந்தாள். இடையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. போகிற வருகிறவர்களில் யாரோ ஒரு புண்ணியவதி கை வைத்துவிட்டாள்.

"வியாழக்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் வராரு," என்றார் தணிகாசலம். "உங்க வேலை நிரந்தரம் ஆவணும்னா அவர்தான் எழுதணும். அதுக்குள்ள இத எடுத்துடுங்க."

"பாடம் முடிஞ்சதும் எடுத்துடறேன் சார்."

"இதாம்மா பாடம்? மாயாஜாலக் கதை."

தேவகி இடத்தை விட்டு நகரவில்லை.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இருந்த அந்தப் பெண்கள் நடுநிலைப் பள்ளிக்குத் தேவகி தற்காலிக டீச்சராக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். பாடப்புத்தகத்தைத் திறந்தால் கண்ணை மூடினார்கள். அதனால் அவள் ஒருநாள், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த 'கருங்காட்டு அரக்கி' என்ற தொடர்கதையைக் கொண்டுவந்து வாசித்தாள். ராஜகுமாரன் காட்டுக்குள் போகிறான், அரக்கியின் மாணிக்க விளக்கை எடுக்கிறான், கடைசியில் அவளைக் கொன்றுவிட்டு ஊருக்குத் திரும்புகிறான். கதையில் அவ்வளவுதான். வகுப்பில் ஒருத்திகூடத் தூங்கவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வாசிப்பதை நிறுத்திவிட்டு, தேவகி இரண்டு மண்பானைகளை மேஜைமேல் வைத்தாள். ஒன்றின் மேல் 'சொன்னது' என்று சுண்ணாம்பால் எழுதினாள், மற்றதன் மேல் 'செய்தது' என்று. கதை எழுதியவர் அரக்கியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் முதல் பானையில் ஒரு புளியங்கொட்டை. அரக்கி தானே ஏதாவது கெட்டது செய்தால் இரண்டாவது பானையில் ஒன்று. கொடியவள், பாவி, ஈவிரக்கமற்றவள் என்று முதல் பானை தளும்பியது. இரண்டாவது பானையை முதல் வரிசை வடிவு தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள், விளக்கேற்றினாள், பசியோடு வந்த ராஜகுமாரனுக்குச் சோறு போட்டாள் என்பதற்கு மேல் அந்த அரக்கி எதுவும் செய்திருக்கவில்லை.

"அப்ப அவ எப்படி டீச்சர் கெட்டவ ஆனா?" என்று வடிவு கேட்டாள்.

அந்தக் கேள்வியைத் தன்னைப் பற்றிக் கேட்கத் தேவகிக்கு முப்பது வயது ஆகியிருந்தது. கேட்ட அன்றைக்கே திருமுக்கூடலில் புருஷன் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். மாமியார் தெருவில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, அரக்கி என்று ஒரு வார்த்தை சொன்னாள். காஞ்சிபுரத்தில் அது யாருக்கும் தெரியாது என்று தேவகி நினைத்திருந்தாள். ஆனால் திருமுக்கூடலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ் இருந்தது. அவள் தெருவில் நடந்தால் குழாயடிப் பேச்சு சட்டென்று நிற்கும், அவள் தாண்டியதும் மறுபடி தொடங்கும். வீட்டுக்காரி ஜெயம்மாள் அவள் திரும்பி வரும் நேரத்தை வாசலில் உட்கார்ந்து கவனிப்பாள்.

இதையெல்லாம் அவள் வகுப்பில் சொல்லவில்லை. "எந்த வரியில இருக்குதுன்னு காட்டு," என்று மட்டும் பழக்கினாள். விளைவு, பிள்ளையார்பாளையத்து வீடுகளில் அம்மாக்கள் திட்டக்கூட முடியாமல் போயிற்று. பொட்டப்புள்ளைக்கு இன்னா வாய் என்று ஆரம்பித்தால், எந்த வரி என்று பதில் வந்தது. அப்பாக்கள் தணிகாசலத்திடம் வந்து முறையிட்டார்கள்.

அரக்கியைச் செய்தது அதற்குப் பிறகு. ஏரி மண், வைக்கோல், தலைமுடிக்குச் சாயப்பட்டறையில் கழித்த பட்டுநூல். சட்டம் ஒன்றே ஒன்று, புத்தகத்தில் வரி இல்லாமல் எதையும் வைக்கக்கூடாது. வெயிலில் மண் வெடிக்குமே என்று நிழலுக்காக வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்தமாதிரி இருக்கட்டும் என்று திருப்பி வைத்ததில் அது கிழக்கு முகமாக அமைந்துவிட்டது. மாதமோ ஆடி. இதற்குமேல் அந்த ஊரில் ஒரு பொம்மைக்கு என்ன வேண்டும்?

திங்கட்கிழமை கலியன் போனதும் தேவகி ஒரு துணியை நனைத்து, குங்குமத்தைத் தானே துடைத்தாள். கை நனைந்ததே என்று முகம், கழுத்து எல்லாம் துடைத்துச் சுத்தமாக்கினாள். வேலிக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த பெண்கள் பார்த்தார்கள். டீச்சரம்மா அம்மனுக்கு அபிஷேகம் பண்ணுகிறாள் என்று பத்து நிமிஷத்தில் தெருமுனைவரை போயிற்று. மத்தியானம் அரக்கியின் நெற்றியில் குங்குமத்தோடு மஞ்சளும் இருந்தது. கழுத்தில் வேப்பிலை மாலை.

சரி, எழுத்தில் சொன்னால் புரியும் என்று தேவகி நினைத்தாள். ஒரு பலகையில், 'இவள் கருங்காட்டு அரக்கி. சாமி அல்ல' என்று பெரிய எழுத்தில் எழுதி மரத்தில் கட்டினாள். அதுவரை அந்தச் சாமிக்குப் பெயர் இல்லாமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் கருங்காட்டம்மன் என்று சொல்லிக்கொண்டு ஐயம்பேட்டையிலிருந்தே இரண்டு பேர் வந்தார்கள். பலகைக்கும் பூ வைத்திருந்தார்கள்.

"படிக்கத் தெரியாதாம்மா உங்களுக்கு?" என்று தேவகி ஒருத்தியைக் கேட்டாள்.

"தெரியுமே. சாமி அல்லன்னு அடக்கமா போட்டுக்கினு இருக்குறாங்க. பெரிய சக்திங்க அப்படித்தாம்மா."

தேவகி விடவில்லை. கதையையே கேட்கட்டும் என்று, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை வைத்து மரத்தடியிலேயே சத்தமாக வாசிக்கச் சொன்னாள். தறிக்குழியை விட்டு எழுந்து வந்தவர்கள், சாயக்கையோடு வந்தவர்கள், எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். ராஜகுமாரன் அரக்கி போட்ட சோற்றைத் தின்றுவிட்டு விளக்கைத் திருடும் இடத்தில் கூட்டம் கொதித்துப்போயிற்று. தின்ன வீட்டுலயே கை வெக்கிறானே, இவன்லாம் ராஜா வூட்டுப் புள்ளையா என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். எழுதியவர் அவனை வீரன் என்கிறாரே என்று இன்னொருவர் சொல்ல, எந்த வரியில வீரம் காட்னான், காட்டு என்று வடிவின் அப்பாவே பாய்ந்தார்.

ஒரு தெருவே எழுந்து நின்று கதையைப் பிரித்துப் பார்க்கிறது, இதைத்தானே கேட்டேன் என்று தேவகி ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அடுத்த கணம் கூட்டம் மொத்தமாக எழுந்து அரக்கியின் காலில் விழுந்தது.

புதன்கிழமை தணிகாசலம் தாமே களத்தில் இறங்கினார். எடுக்க ஆள் வராவிட்டால் மறைத்தாவது வைக்கலாம் என்று அரக்கியைச் சுற்றி மூன்று பக்கமும் கீற்றுத்தட்டி கட்டச் சொன்னார். கட்டினார்கள். மேலே திறந்திருந்தால் அசிங்கம் என்று கூரையும் போட்டார்கள். முன்பக்கம் ஒரு திரை. மாலைக்குள் அது பார்ப்பதற்கு ஒரு கோயிலாகவே ஆகிவிட்டது. திரை விலகுவதற்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

இந்த அமளியில் ஒரு விஷயம் தேவகிக்கு விளங்கவில்லை. அவளைத் திட்டும்போது தணிகாசலம் இப்போது சுவரைப் பார்த்துத் திட்டினார். அவள் போனால் குழாயடிப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜெயம்மாள், போன வாரம்வரை "எங்க போயிட்டு வர நீ?" என்று கேட்டவள், புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு சொம்பு கூழோடு வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஆடி மாசம். நீங்க ஒரு வாய் குடிச்சாக்கா எனக்குத் திருப்தி."

மண்ணுக்குப் பயந்து, அதைச் செய்யச் சொன்னவளுக்கும் பயப்படுகிறார்கள் என்று தேவகி முடிவு கட்டினாள். இந்த மரியாதைக்கு அந்த ஏளனமே தேவலை என்று தோன்றியது. ஆனாலும் கூழ் நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் ஜீப்பில் வந்து இறங்கினார். திரையையும் கூட்டத்தையும் பார்த்து, இது என்ன என்று கேட்டார். தணிகாசலம் கணக்குப் போட்டார். மாயாஜாலக் கதை என்றால் பள்ளிக்கு அவமானம். அம்மன் என்றால் யார் என்ன சொல்வார்கள்?

"அம்மன் கோயிலுங்க ஐயா. ரொம்பக் காலமா இருக்குது."

வீரபத்திரன் உடனே பூட்சைக் கழற்றினார். திரை விலகியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். தணிகாசலம் தேவகியைப் பார்த்த பார்வை, வாயைத் திறக்காதே, உனக்கு வேலை நிரந்தரம் என்று கெஞ்சியது.

பேசாமல் இருப்பது தேவகிக்குப் புதிதல்ல. திருமுக்கூடலில் பத்து வருஷம் அதைத்தான் செய்தாள், அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இன்னும் ஒரு அரைமணி நேரம் செய்தால் போதும், மாதாமாதம் சம்பளம், யார் தயவும் இல்லாத ஒரு அறை. தன் வகுப்புப் பிள்ளைகள் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"அம்மன் இல்லீங்க ஐயா," என்றாள். "அரக்கி. எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்."

வெறும் காலோடு நின்ற வீரபத்திரனின் முகம் கறுத்தது.

"அரக்கின்னு எப்படிச் சொல்றீங்க? அம்மனுக்கு இருக்கற மாதிரியே தலைமுடி செவப்பா இருக்குதே."

வடிவு முன்னால் வந்தாள். "'அந்திவானம்போல் சிவந்த கூந்தல்', மூணாம் அத்தியாயம் ஐயா."

"நாக்கு வெளியில தொங்குதே?"

"விருந்துக்குக் குழம்பு வெக்கிறா. ருசி பாக்கறா. அஞ்சாம் அத்தியாயம்."

"கையில சூலம் இருக்குதே?"

"அகப்பைங்க ஐயா. அதே அத்தியாயம்."

வீரபத்திரன் சற்று நேரம் அகப்பையைப் பார்த்தார். ஒரு அகப்பைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டோமே என்ற கோபம் அவருக்கு. அம்மனாக இருந்தால் விட்டிருப்பேன், அரக்கிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது, இப்போதே இடியுங்கள் என்றார். தணிகாசலத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கலியனைக் காணவில்லை. ஜீப் டிரைவர் சக்கரத்தில் காற்று பார்க்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மரத்தில் சாய்ந்திருந்த கடப்பாரையைக் கடைசியில் வீரபத்திரனே எடுத்தார்.

தேவகி போய் அரக்கியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"கடைசி அத்தியாயம் பாக்கி இருக்குதுங்க ஐயா. அதுல இவள இப்படித்தான் கொல்றாங்க. எதுக்குக் கொல்றாங்கன்னு புள்ளைங்க இன்னும் கண்டுபிடிக்கல. அதுவரைக்கும் நான் வுடமாட்டேன். என் வேலை போனாலும் சரி."

கடப்பாரை உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றது. வீரபத்திரன் அவளைப் பார்த்தார், அரக்கியைப் பார்த்தார், உதடு ஏதோ முணுமுணுத்தது. மெல்லக் கடப்பாரையைத் தரையில், சத்தமில்லாமல், படுக்க வைத்தார். ஃபைலைக் கேட்டு வாங்கி, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, இவரை நிரந்தரமாக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்சைக் கையில் எடுத்துக்கொண்டு, முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து ஜீப்பில் ஏறினார்.

புழுதி அடங்கியது. ஜெயித்தது தேவகிக்குத் தெரிந்தது. எதனால் ஜெயித்தோம் என்று தெரியவில்லை. தன் வாதம்தான் அந்த மனுஷனை அசைத்திருக்க வேண்டும் என்று நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் ஆதாரம் இல்லாமல் நம்பக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தானே. பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர் ஐயா எதப் பாத்து மனசு மாறினாரு? யூகம் வேணாம். காரணத்தோட சொல்லணும்."

எதற்கும் முதலில் கை தூக்கும் வடிவு தலையைக் குனிந்து தரையைக் கிளறினாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காத அன்னம்மாள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

"பல்லும் நாக்கும்தான் டீச்சர் புத்தகத்துல இருந்திச்சு, முகத்துக்கு ஒரு வரிகூட இல்ல, அதனால நாங்க உங்க முகத்தப் பாத்து வெச்சுட்டோம்."